பதினொன்றுக்குப் பதினொன்று

கொடுத்த காப்பி ஆறி ஆடை கட்டிய பிறகும் அதைத் தொடாத மனிதர்களில் இரண்டே வகை என்பது சபரிநாதனின் ஆராய்ச்சி முடிவு. ஒன்று, சர்க்கரை வியாதிக்காரர். இன்னொன்று, பெரிய வம்பில் மாட்டியவர். எதிரே உட்கார்ந்திருந்த வாஞ்சிநாதனுக்கு முப்பத்தெட்டு வயது, ஒட்டிய வயிறு. அதனால் இரண்டாவது வகைதான் என்று சபரிநாதன் தீர்மானித்துவிட்டான்.

இடம், சுகர் லேண்டில் அவர்கள் வீட்டு கராஜ். ஒரு பக்கம் கார், மறுபக்கம் மேஜை, நடுவே கலாவதி. டெக்சஸ் மாநில லைசென்ஸ் வாங்கிய துப்பறியும் நிபுணி. அதற்கு முன் பதினாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள். எண்ணெய்க் கம்பெனி சபரிநாதனை லேஆஃப் செய்த அன்றே அவனைத் தன் அசிஸ்டென்ட் ஆக்கிக்கொண்டாள். கணவனை வேலைக்கு வைத்தால் ஒரு சௌகரியம், ராஜினாமா செய்ய மாட்டான்.

வாஞ்சிநாதன் சொன்னது இதுதான். ஹெரான்ஸ் பேஸ்பால் அணியின் வீரர்களுக்குத் தோளும் முழங்கையும் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் அவன். யாருக்கு எங்கே வலி என்பது வெளியே போகக் கூடாது. போனால் அதை வைத்துப் பந்தயம் கட்ட ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. ஒன்பது நாளைக்கு முன் பெயரில்லாத ஒரு ஈமெயில் அணியின் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. கூடவே ஒரு வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட். உள்ளூர்த் தமிழர்கள் ஐம்பத்திரண்டு குடும்பம் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு 'கொக்குக் குறி' என்றொரு போட்டி நடத்துகிறார்கள். ஹெரான் என்றால் கொக்குதானே! காசு பணம் கிடையாது. சீசன் முடிவில் ஜெயிக்கிறவர் தீபாவளி விழாவில் குத்துவிளக்கு ஏற்றலாம், அவ்வளவுதான். அதில் அவன் மனைவி விசாலாக்ஷி, பங்காளி மேட்ச் பதினொன்றுக்கும் குறி சொல்லி, பதினொன்றும் பலித்திருக்கிறது.

"பங்காளி மேட்ச்னா?" என்று கேட்டாள் கலாவதி.

"டிவிஷன் ரைவல்ஸ்கா. ஒரே டிவிஷன்ல அஞ்சு டீம். அவங்களுக்குள்ள அடிச்சிக்கிறதை நம்ம சேனாபதி அங்கிள் அப்படித்தான் சொல்வார். போட்டியே அவரோடதுதான்."

"மத்த மேட்ச்?"

"அதுல அவ வாயே திறக்கிறதில்ல. அதான் ஆபீஸ்ல இன்னும் சந்தேகம். திங்கக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. வேலை போச்சுன்னா விசாவும் போச்சு, அறுபது நாள்ல நாட்டைக் காலி பண்ணணும். க்ரீன் கார்ட் பாதியில நிக்குது. சத்தியமா நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லக்கா."

அவள் எப்படித்தான் சொல்கிறாளாம் என்று கேட்டதற்கு, விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன், சிரித்து மழுப்பிவிட்டாள் என்றான். விசாரணை விஷயத்தை மனைவியிடம் சொல்லவில்லையாம். பயந்துவிடுவாளாம். இப்படி எண்ணிக்கொண்டே ஆண்பிள்ளைகள் தங்களை எத்தனை குழியில் தள்ளிக்கொள்கிறார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

"இனிமேலும் சொல்லாதீங்க, திங்கக்கிழமை வரைக்கும்" என்றாள் கலாவதி. "நாளைக்கு டிரிஃப்டர்ஸோட பங்காளி மேட்ச் இருக்கு. நாளைக்கும் அவங்க எப்பவும் போலக் குறி போடட்டும்."

வாஞ்சிநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பன்னிரண்டும் பலித்தால் நான் தொலைந்தேன் என்றான். கலாவதி அவனை ஒரு நிமிஷம் கூர்ந்து பார்த்துவிட்டு, நாளைய ஆட்டத்தைப் பற்றி மருத்துவ முறையில் உங்களுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேதி போட்டுப் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். வியாழக்கிழமையே பதிவு செய்துவிட்டதாகச் சொன்னான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. சபரிநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. அது அவனுக்குப் பழக்கம்தான்.

சேனாபதியின் வீட்டுக்குப் போக ஹைவே சிக்ஸில் இருபது நிமிஷம். சிக்னலுக்கு சிக்னல் நிற்க வேண்டியிருந்ததால் சபரிநாதன் தன் தியரியை அவிழ்த்துவிட்டான். பொண்டாட்டிக்குப் புருஷன் வாயால் சொல்ல வேண்டுமா என்ன? பந்து எறிகிற பிட்சருக்குக் கை வலி என்றால் பிசியோ சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பான். அவள் தட்டைப் பார்ப்பாள். மீந்திருந்தால் தோல்வி, வழித்துச் சாப்பிட்டிருந்தால் வெற்றி.

"நல்லாத்தான் இருக்குங்க" என்றாள் கலாவதி. "ஆனா பதினொண்ணுல ஆறு ஆட்டம் வெளியூருல. வெளியூருக்கு வேற பிசியோ போறாரு. வாஞ்சி இங்கயேதான் இருக்காரு. வெளியூர் வலி இவரு தட்டுல எப்படித் தெரியும்?"

"அப்ப வாஞ்சி சுத்தம்னு முடிஞ்சு போச்சே. வண்டியத் திருப்பட்டுமா?"

"நமக்கு முடிஞ்சுது. ஆபீஸ்காரன், கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லியிருப்பான்னுவான். நீங்க ரோட்டைப் பாருங்க."

அடுத்த சிக்னலில் அவனிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். வாட்ஸ்அப் குழுவில் வந்த குறிகளை வாஞ்சியின் போனிலிருந்து இரண்டு பத்தியாக எழுதியிருந்தாள். இடப்பக்கம் விசாலாக்ஷி, வலப்பக்கம் சேனாபதி. படிக்கப் படிக்க சபரிநாதனின் புருவம் மேலே ஏறியது. இவள் வெற்றி என்ற இடத்திலெல்லாம் அவர் தோல்வி. இவள் தோல்வி என்ற இடத்திலெல்லாம் அவர் வெற்றி. பதினொன்றிலும் சேனாபதி மண்ணைக் கவ்வியிருந்தார்.

"அட! மனுஷன் சொல்றதுக்கு எதிர்ப்பதம் போட்டா குத்துவிளக்கு நமக்குத்தான். இதுக்கு பேஸ்பால் எதுக்கு தெரியணும்?"

"நேரத்தையும் பாருங்க."

பார்த்தான். சேனாபதியின் குறி ஞாயிறு காலை சரியாக ஒன்பது மணிக்கு வருகிறது. விசாலாக்ஷியின் குறி எட்டேகால், எட்டு இருபதுக்கே வந்துவிடுகிறது. அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்கு எதிராகப் போட வேண்டுமென்றால், அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். பின்னால் இருந்த கார்க்காரன் ஹாரன் அடிக்கும்வரை சபரிநாதன் அதையே யோசித்துக்கொண்டிருந்தான்.

சேனாபதிக்கு ஐம்பத்தெட்டு வயது. குழாய்க் கம்பெனியில் பெரிய எஞ்சினீயர். எழுபத்தைந்து இஞ்ச் டிவியில் தன் எக்செல் ஷீட்டைப் போட்டுக் காட்டுகிற மனிதர். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன் ட்ரெண்ட் கொடுத்தார். ஹெரான்ஸுக்கும் பங்காளி அணிகளுக்கும் நடந்த ஐந்து வருஷ ஆட்டங்களை ஒரு வெப்சைட்டிலிருந்து தானே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியிருக்கிறார். மற்ற அணிகளோடு கன்னாபின்னாவென்று இருக்கும் கொக்கு, பங்காளிகளோடு மட்டும் ஒரே ஒழுங்கில் ஆடுகிறதாம். சொந்த மண்ணில் தோற்கிறது, வெளியூரில் ஜெயிக்கிறது. ஷீட் அப்படித்தான் சொல்கிறது.

இந்த வருஷம் பதினொன்றிலும் தலைகீழாக நடந்திருக்கிறதே என்று சபரிநாதன் பணிவாகக் கேட்டான். அவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, அஞ்சு வருஷ டேட்டா பெருசா, அஞ்சு மாச டேட்டா பெருசா? ட்ரெண்ட் திரும்பும். திரும்பியே தீரும்."

கலாவதி டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த ஷீட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். 'டிரிஃப்டர்ஸ் – ஹெரான்ஸ்' என்று ஒரு வரி. பக்கத்தில் 'வெளியூர், வெற்றி' என்று அவர் குறித்திருந்தார். இது எந்த ஊரில் நடந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணா என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"இதென்னம்மா கேள்வி. கிரிக்கெட் பாத்ததில்லயா? முதல்ல யார் பேர் இருக்கோ அவன் வீடு. இந்தியா – ஆஸ்திரேலியான்னு போட்டா மேட்ச் நம்ம ஊர்ல."

கலாவதி தலையை ஆட்டினாள். பிறகு, விசாலாக்ஷியின் நம்பர் தன்னிடம் இல்லை, வீட்டு நவராத்திரிக்குக் கூப்பிட வேண்டும், அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அவர் உடனே தன் போனிலிருந்து அனுப்பிவைத்தார். வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு அவள் போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அக்காவுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் நுழைந்தாள். சபரிநாதன் தட்டு வாங்கும் சாக்கில் பின்னாலேயே போனான்.

சேனாபதியின் மனைவி வசந்தாமணி காப்பி கலந்துகொண்டிருந்தாள். கலாவதி சுற்றி வளைக்கவில்லை.

"எப்பக்கா கண்டுபிடிச்சீங்க?"

வசந்தாமணி அடுப்பை அணைத்தாள். கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் பல நாள் சந்தோஷம் இருந்தது. மார்ச் மாதமே தெரியுமாம். இந்த நாட்டு பேஸ்பாலில் விருந்தாளி பெயரை முதலில் எழுதி, வீட்டுக்காரன் பெயரைப் பின்னால் எழுதுவார்கள். அவளோடு நூலகத்தில் வேலை செய்யும் அமெரிக்கக்காரி சொல்லிக் கொடுத்தாள். ஐந்து வருஷ ஷீட்டில் வீடும் வெளியூரும் அப்படியே இடம் மாறிக் கிடக்கிறது. கொக்கு உண்மையில் பங்காளிகளைத் தன் வீட்டில் அடிக்கிறது, அவர்கள் வீட்டுக்குப் போனால் அடி வாங்குகிறது.

"அண்ணன்கிட்ட சொல்லலையாக்கா?"

"சொன்னனே. சங்கத்து ஆளுங்க இருபது பேரு உக்காந்திருந்தாங்க. பேஸ்பாலைப் பத்தி நீ எனக்கு சொல்லித் தர்றயான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அத்தோட நான் வாயை மூடிக்கிட்டேன்."

வாயை மூடினாளே தவிர கையை மூடவில்லை. மனுஷன் ஞாயிறு காலை ஏழரைக்கு பாத்ரூமில் நின்று அன்றைய அறிக்கையை உரக்க ஒத்திகை பார்ப்பார். அது சுவரைத் தாண்டிக் கேட்கும். உடனே இவள் விசாலாக்ஷிக்குப் போன் போட்டு அதற்கு நேர்மாறாகப் போடச் சொல்வாள். தன் பெயரில் போட்டால் வீட்டில் ரகளை ஆகும் என்பதால் இந்த ஏற்பாடு. யாரிடமும் சொல்வதில்லை என்று விசாலாக்ஷியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஒரு முறையாவது அவர் மேடையில் உட்கார்ந்து அடுத்தவர் விளக்கேற்றுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஷீட்டே கையில் இருக்கும்போது பாத்ரூம் பேச்சு எதற்கு என்று சபரிநாதன் கேட்டான். கேட்க நன்றாக இருக்கிறது, அதனால்தான் என்றாள் வசந்தாமணி.

வாஞ்சிநாதன் விஷயத்தைக் கலாவதி அங்கே சொல்லவில்லை. நாளைக்கும் வழக்கம் போலச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

காரில் ஏறியதும் அவள் போனைக் காட்டினாள். சேனாபதி அனுப்பிய நம்பர். அதற்கு மேலே, அவர் போனில் சேமித்து வைத்திருந்த பெயர்: 'வாஞ்சி சம்சாரம்'. பிறகு, அணியின் அலுவலகத்துக்குப் போன ஸ்க்ரீன்ஷாட்டின் நகல், வாஞ்சி கொடுத்தது. பதினொரு குறிகளுக்கு மேலேயும் அதே பெயர். விசாலாக்ஷியை அவள் பெயரால் சேமித்து வைத்திருக்கும் வீடு ஐம்பத்தொன்று இருக்கலாம். இப்படி வைத்திருப்பது ஒன்றுதான்.

"எழுதிப் போட்டது இந்த ஆளா! பெரிய மனுஷன்னு நினைச்சேனே." சபரிநாதனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "இப்பவே போய்க் கேக்கலாம் வா."

"கேட்டா மறுப்பாரு. இல்லன்னா இன்னொரு லெட்டர் போடுவாரு. நாளைக்கு ஆட்டம் முடியட்டுங்க."

ஞாயிறு காலை எட்டு பதினேழுக்கு விசாலாக்ஷியின் குறி வந்தது. ஆட்டம் சொந்த மண்ணில். 'கொக்கு ஜெயிக்கும்.' ஒன்பதுக்கு சேனாபதி அரைப் பக்கம் எழுதி, தோற்கும் என்றார். ஒன்பது ஐந்துக்கு வாஞ்சிநாதன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டால் முதலில் பெருமூச்சுதான் கேட்டது.

"அக்கா, எதுவும் சொல்லக் கூடாது. ஆனா ரொம்ப நிம்மதியா இருக்கு."

போனை வைத்த பிறகுதான் சபரிநாதனுக்கு மண்டையில் பல்ப் எரிந்தது. வியாழக்கிழமை வாஞ்சி பதிவு செய்தது ஏதோ கெட்ட செய்தி. மனைவிக்கு அது கசிந்திருந்தால் தோற்கும் என்று போட்டிருப்பாள். அவள் ஜெயிக்கும் என்று போட்டுவிட்டாள். இன்று கொக்கு தோற்றால் வாஞ்சி தப்பித்தான்!

"நேத்து ஜெயிக்கும் தோக்கும்னு பேசறப்ப, பன்னண்டாவது பத்தி அவர் முகம் போன போக்கைப் பாத்தேன்" என்றாள் கலாவதி. "ஏதோ வலி இருக்குன்னு தெரிஞ்சுது. தோத்தா ருசு. ஜெயிச்சா நம்ம பேச்சு வெறும் பேச்சுதான்."

அன்று மத்தியானம் சேனாபதி வீட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு பேர் கொக்குப் படம் போட்ட பனியனோடு உட்கார்ந்து ஹெரான்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று கத்தினார்கள். நடுவில் சபரிநாதன் மட்டும் மருதமலை முருகனிடம் எதிர் மனு போட்டுக்கொண்டிருந்தான். முதல் இரண்டு இன்னிங்ஸ் முருகன் காதில் விழவில்லை. கொக்கு இரண்டு ரன் எடுத்தது. அவன் வாயில் போட்ட முறுக்கை மெல்ல மறந்தான். மூன்றாவதில் ஹெரான்ஸின் பெரிய பிட்சர் ஒரு பந்தை எறிந்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் வந்தவனை டிரிஃப்டர்ஸ் துவைத்துக் காயப்போட்டார்கள். ஒன்பதுக்கு இரண்டு. வியாழக்கிழமை முதலே அந்தத் தோளில் வலி இருந்தது என்று ஆட்டம் முடிந்ததும் அணியின் மேனேஜரே டிவியில் ஒப்புக்கொண்டார்.

கூடம் இழவு வீடு போல ஆனது. ஒருவர் மட்டும் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

"சொன்னனா இல்லயா! ட்ரெண்ட் திரும்பிருச்சு!"

பன்னிரண்டு ஆட்டத்தில் முதல் வெற்றி, பாவம். எல்லாருக்கும் தன் கையாலேயே ஐஸ்க்ரீம் கொடுத்தார். கடைசி விருந்தாளி செருப்பைப் போடும் வரை கலாவதி காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தி, போனை அவர் முன்னால் வைத்தாள். அவர் அனுப்பிய நம்பரும் அலுவலகத்துக்குப் போன ஸ்க்ரீன்ஷாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

சேனாபதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மறுக்கவில்லை. தன் ஷீட் தப்பாக முடியாது, அதனால் அவள்தான் ஏமாற்றியிருக்க வேண்டும் என்று தோன்றியதாகச் சொன்னார். யாருக்கும் வேலை போகும் என்று நினைக்கவில்லை என்றார். ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாராம்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரணை அண்ணா. வேலை போனா அறுபது நாள்ல அவங்க குடும்பமா ஊருக்குக் கிளம்பணும்." கலாவதியின் குரல் உயரவே இல்லை. "இன்னிக்குத் தோத்ததுல பாதி தப்பிச்சாங்க. மீதிப் பாதி உங்க கையில இருக்கு. அவங்க எப்படிப் பதினொண்ணு சொன்னாங்கன்னு ஆபீஸுக்குத் தெரியணும்."

எப்படிச் சொன்னாளாம் என்று சேனாபதி கேட்டார். கலாவதி பதில் சொல்லாமல் அடுக்களை வாசலைப் பார்த்தாள். அங்கே வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். வாஞ்சிக்கு வந்த ஆபத்து அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன். உங்க ஷீட்டைத் திருப்பிப் போட்டுச் சொன்னேன்" என்றாள். டிவியில் இன்னும் ஸ்கோர் நின்றது. அதைக் கையால் காட்டினாள். "மேல எழுதியிருக்கறது டிரிஃப்டர்ஸ். கீழ நம்மாளுக. ஆனா ஆட்டம் எந்த ஊருலீங்க நடந்துச்சு?"

சேனாபதி டிவியைப் பார்த்தார். ஷீட்டைத் திறந்து முதல் வரியைப் பார்த்தார், கடைசி வரியைப் பார்த்தார். ஐந்து வருஷமும் ஒரே மூச்சில் தலைகீழாவதை சபரிநாதன் அவர் முகத்திலேயே பார்த்தான். இன்றைக்கு வந்த ஒரே வெற்றியும் வலித்த தோளால் வந்ததே தவிர ஷீட்டால் வரவில்லை என்பதும் அவருக்கு உறைத்துவிட்டது. சிரிக்கலாம் என்றுதான் சபரிநாதன் நினைத்திருந்தான். அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் சிரிக்கவில்லை.

லெட்டரை அவரே ஆங்கிலத்தில் டைப் அடித்தார். புகார் அனுப்பியது தான் என்றும், தன் அட்டவணை தப்பு என்றும், அதைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் அந்தப் பதினொன்றும் கிடைத்திருக்கும் என்றும், தப்பான ஷீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன் என்றும் எழுதினார். கலாவதி படித்துப் பார்த்து, போதும் அண்ணா, கையெழுத்துப் போடுங்கள் என்றாள். அவர் போடவில்லை. மறுபடியும் உட்கார்ந்து, யாரும் கேட்காத ஒரு வரியைக் கீழே சேர்த்தார். 'இதை என் மனைவி மார்ச் மாதமே என்னிடம் சொன்னாள். நான் கேட்கவில்லை.'

பிரிண்டரிலிருந்து வந்த தாளை வசந்தாமணிதான் எடுத்தாள். நின்றபடியே படித்தாள். அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு பேனாவைத் தேடி அவர் கையில் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பத்தேமுக்காலுக்கு வாஞ்சிநாதனிடமிருந்து ஒரு வரி மெசேஜ் வந்தது. விசாரணையை முடித்துக்கொண்டார்கள். இனி அவன் வீட்டார் யாரும் குறிப் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. சபரிநாதன் கராஜிலேயே ஒரு குதி குதித்தான்.

பன்னிரண்டரைக்கு ஒரு போன். விசாலாக்ஷி.

"அக்கா, எல்லாம் சொன்னார். உங்களுக்கு எப்படி தேங்க்ஸ் சொல்றதுன்னே தெரியல." அதற்குமேல் அவளால் நிதானமாகப் பேச முடியவில்லை. "பதினோரு நாள்கா. பக்கத்துலயே படுத்துட்டு இதை மனசுல வெச்சிட்டிருந்திருக்கார். ஊர்ல இருக்கிற கொக்கு ஜெயிக்குமா தோக்குமான்னு எல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர் மூஞ்சியைப் பாக்க எனக்குத் தெரியலையே."

அவள் அழுதாள். கலாவதி அவளை அழவிட்டாள். பிறகு, வாஞ்சி இப்போது எங்கே என்று கேட்டாள்.

"டிரைவ்வேல கார்ல உக்காந்திருக்கார். முக்கால் மணி நேரமாச்சு. நான் திட்டி முடிச்சிட்டேனான்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மெசேஜ் பண்றார்."

"முடிச்சிட்டியாம்மா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லக்கா" என்றாள் விசாலாக்ஷி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கதவைத் திறக்கப் போனாள்.